கல்லறை இல்லாத புனிதர்: யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரராக வந்திறங்கிய யோசேவ் வாஸ் அடிகளார்

இலங்கையின் முதல் புனிதர் என்று கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்த மனிதருக்கு இன்று ஒரு கல்லறை இல்லை. 1711 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் திகதி கண்டியில் இறந்த அவரை அங்கிருந்த சிறிய கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். பின்வந்த காலத்தில் கண்டி இராச்சியம் கத்தோலிக்கருக்கு எதிராகத் திரும்பியபோது அந்தக் கோயிலும் அழிந்தது. அவருடைய எலும்புகள் எந்த மண்ணில் கிடக்கின்றன என்று இன்றுவரை எவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

புனிதர்களின் கல்லறைகளுக்கு யாத்திரை போவது கத்தோலிக்கருக்குப் பழக்கம். யோசேவ் வாஸ் அடிகளாரிடம் போவதற்கு அப்படி ஓர் இடம் இல்லை. தம் பிள்ளைகளும் கணவன்மாரும் எங்கே புதைக்கப்பட்டார்கள், புதைக்கப்பட்டார்களா என்பதே தெரியாமல் வாழும் எங்கள் மக்கள் மத்தியில் இந்த ஒரு செய்தியே அவரை அறிந்துகொள்ளப் போதுமான காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் கதையில் எங்களுக்குத் தெரிந்த சங்கதிகள் இன்னும் பல இருக்கின்றன.

கோவாவில் பிறந்தவர்

1651 ஏப்ரல் 21 ஆம் திகதி, போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவில் பெனோலிம் என்ற ஊரில் அவர் பிறந்தார். அது தாயின் ஊர். தந்தையின் ஊர் சான்கோலே. கொங்கணி பேசும் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பம். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். கோவா நகரில் இயேசு சபையாரிடமும் பின்னர் டொமினிக்கன் சபையாரிடமும் படித்து 1676 இல் குருவானார். குருப்பட்டம் பெற்ற காலத்திலிருந்து செருப்பு அணிவதை விட்டுவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஏழைகள் வெறுங்காலோடு நடக்கும் ஊரில் தானும் அப்படியே நடப்பது என்று முடிவெடுத்திருந்தார்.

அவருடைய பக்தியின் மையம் மரியன்னை. 1677 ஓகஸ்ட் 5 ஆம் திகதி, தன்னை மாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஓர் உறுதிப்பத்திரத்தையே எழுதி வைத்தார். காணி உறுதி எழுதுவதுபோலத் தன்னையே எழுதிக் கொடுத்தார் என்று சொன்னால் எங்கள் ஊரில் எளிதாக விளங்கும்.

அந்தக் காலத்துக் கோவாவில் உள்ளூர்க் குருவானவருக்கு இருந்த இடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே கோவாக் குருக்கள் சிலர் தமக்கென ஒரு குழுவை அமைத்திருந்தார்கள். அது கலைந்துபோகும் நிலையில் இருந்த 1685 இல் வாஸ் அதில் சேர்ந்தார். அவரையே தலைவராகத் தெரிவுசெய்தார்கள். புனித பிலிப்பு நேரியின் ஒறற்றோரியன் முறையை ஏற்று, வெள்ளையர் எவரும் இல்லாத ஒரு குருக்கள் சபையாக அது வளர்ந்தது. அந்தச் சபையில் சேர்ந்தவர்களும் கோவாவின் பிராமணக் குடும்பத்தவர்களே என்பதையும் மறைக்கத் தேவையில்லை. நிறத்தின் பேரில் ஒதுக்கப்பட்டவர்கள் சாதியின் பேரில் பிறரை ஒதுக்கிய காலம் அது.

ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணம்

1656 இல் கொழும்பும் 1658 இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. ஒல்லாந்தருக்குக் கத்தோலிக்கர் என்றால் போர்த்துக்கேயரின் ஆட்கள். குருமார் நாடு கடத்தப்பட்டார்கள். குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அறிவிக்கப்பட்டது. கத்தோலிக்கக் கோயில்கள் சீர்திருத்தச் சபையின் கோயில்களாகின. அரச உத்தியோகம் வேண்டுமானாலும், திருமணம் சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமானாலும், ஒல்லாந்தச் சபையின் ஞானஸ்நானமும் பதிவும் தேவைப்பட்டன. இன்றும் காணிக்கார வீடுகளில் புழங்கும் 'தோம்பு' என்ற சொல் அந்தப் பதிவேடுகளின் மிச்சம்.

மக்கள் என்ன செய்தார்கள்? பதிவேட்டில் ஒன்றாகவும் வீட்டுக்குள் வேறொன்றாகவும் வாழப் பழகினார்கள். சைவர்களும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். விரதச் சோறு உண்ட இலையைச் சுருட்டி இறவாணத்தில் செருகி மறைத்த கதை யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள் போர்த்துக்கேயர். அதே போர்த்துக்கேயரின் மதத்தை ஏற்றவர்கள் அடுத்த ஆட்சியில் ஒளிந்து கும்பிட வேண்டி வந்தது. ஆட்சி மாறும்போது ஒளிபவர்களும் மாறினார்கள். வாஸ் அடிகளாரின் கதையைக் கத்தோலிக்கரின் துன்பக் கதையாக மட்டும் சொல்வது அரை உண்மை என்று எனக்குப் படுவது இதனால்தான்.

1658 முதல் 1687 வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் குரு இல்லாமலே இருந்தார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. இருந்ததெல்லாம் செபமாலையும், மனப்பாடமாகத் தெரிந்த செபங்களும், அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வீட்டுப் பெரியவர்களும்தான். அடிகளார் வந்தபோது ஒரு சபையைப் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கவில்லை. படிப்பறியாத தாய்மார் காப்பாற்றி வைத்திருந்ததைத்தான் அவர் வந்து கண்டார்.

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பங்கர் நினைவுக்கு வரும். ஷெல் விழத் தொடங்கியதும் அம்மம்மா செபமாலையைத் தொடங்கிவிடுவார். பங்கருக்குள் சுவாமியாரும் இல்லை, சுரூபமும் இல்லை. பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பமும் அதே பங்கருக்குள்தான் இருந்தது. அவர்களுக்கும் சில நாட்களில் 'அருள் நிறைந்த மரியே' பாடமாகிவிட்டது. எங்களுக்கு அவர்களின் தேவாரம் பாடமானது.

செபமாலை அணிந்த பிச்சைக்காரர்

குரு இல்லாமல் தவிக்கும் இலங்கைக் கத்தோலிக்கர் பற்றிய செய்தி கோவாவில் வாஸின் காதுக்கு எட்டியிருந்தது. 1686 இல் அவர் புறப்பட்டார். மேற்குக் கரை வழியாகத் தெற்கே இறங்கித் தூத்துக்குடி வந்து, 1687 இல் குருத்து ஞாயிறு காலத்தில் கடல் கடந்தார். யோவான் என்ற பணியாளர் உடன் வந்தார். குருவானவரின் அங்கி இல்லை. கூலியாளைப்போல ஒரு முழத்துண்டு மட்டுமே உடை. கடல் கொந்தளித்துப் பயணம் நீண்டது. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது கடும் வயிற்றுளைவு அவரை நிலத்தில் வீழ்த்திவிட்டது. தெரியாத ஊர், தெரியாத மக்கள், கையில் ஒன்றுமில்லை. ஏழைப் பெண்களின் இரக்கத்தால் உயிர் பிழைத்தார் என்கின்றன பழைய வரலாறுகள்.

எழுந்து நடக்கத் தொடங்கியதும் அவருக்கு முன்னால் ஒரு சிக்கல் இருந்தது. கத்தோலிக்கர் யார் என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் காட்டிக்கொடுக்கப்படலாம். கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு முகம் மாறுகிறவர் யார் என்று பார்த்தார். அப்படித்தான் முதல் கத்தோலிக்க வீடு அவருக்குத் திறந்தது. வந்தவர் குருவானவர் என்று அறிந்ததும் அவரைப் பட்டினத்திலிருந்து விலக்கிச் சில்லாலைக்கு அனுப்பினார்கள்.

பண்டத்தரிப்புக்கு அருகில் உள்ள சில்லாலை அக்காலத்தில் உறுதியான கத்தோலிக்கக் கிராமம். அங்கே தமிழில் பேசி, தமிழில் செபித்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பணிசெய்தார். பகலில் பிச்சைக்காரர். இரவில் குரு. இருட்டில் ஒரு வீட்டில் பூசை, பொழுது விடிவதற்குள் வேறு ஊர். அவர் எந்த வீட்டில் தங்குகிறார் என்பது ஊர் முழுவதற்கும் தெரியும். ஆனால் ஊர் வாய் திறக்கவில்லை. ஓர் ஊர் முழுதும் ஓர் இரகசியத்தைச் சுமப்பது என்றால் என்ன என்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1689 நத்தார்

இரகசியம் நீடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தத் தளபதி ஃபுளோரிஸ் புளொம் 1689 நத்தார் காலத்தில் தன் படையினரை அனுப்பினார். நத்தார்ப் பூசைக்குக் கூடியிருந்தவர்கள் சுற்றிவளைக்கப்பட்டார்கள். ஏறக்குறைய 300 பேர் பிடிக்கப்பட்டதாக வரலாறுகள் கூறுகின்றன. அடிகளார் தப்பிவிட்டார். அது புதுமை என்று எழுதுகிறார்கள் பக்தர்கள்.

தப்பாதவர்களைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் பேச வேண்டும். முன்னணியில் நின்ற எட்டுப் பேர் தனியாகப் பிரிக்கப்பட்டுச் சாட்டையால் அடிக்கப்பட்டார்கள். அவர்களில் தொன் பேதுரு என்பவர் ஒல்லாந்தச் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்குத் திரும்பியவர். அவர் அடியின் காயத்தாலேயே இறந்தார். எஞ்சியவர்கள் கோட்டை வேலைக்குக் கட்டாயக் கூலிகளாக அனுப்பப்பட்டார்கள். புனிதர் பட்டம் வாஸ் அடிகளாருக்குக் கிடைத்தது. அவரைக் காட்டிக்கொடுக்க மறுத்த அந்த எட்டுப் பேரில் பெரும்பாலானோரின் பெயர்கூட எங்கள் மக்களின் வாயில் இல்லை.

கண்டியில் கைதி

யாழ்ப்பாணத்தில் தொடர்ந்து இருந்தால் தனக்கு அடைக்கலம் தருபவர்களுக்கே ஆபத்து என்று கண்ட அடிகளார் 1690 இல் வன்னி வழியாகப் புத்தளம் சென்றார். அப்போது அது கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட பகுதி. 1692 இல் கண்டிக்குப் புறப்பட்டார். அவர் கண்டியை அடையுமுன்பே, மன்னரின் அவையில் செல்வாக்குள்ள பிரெஞ்சுக் கல்வினியர் ஒருவர், வருகிறவர் போர்த்துக்கேய உளவாளி என்று சொல்லிவிட்டார். விலங்கிட்டுக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தார்கள்.

அப்போது ஆண்டவர் இரண்டாம் விமலதர்மசூரியன். 1687 இல், அதாவது அடிகளார் யாழ்ப்பாணத்தில் கால்வைத்த அதே ஆண்டில், அரியணை ஏறியவர். தன் நாட்டில் பௌத்த குருத்துவ மரபு நலிந்துவிட்டதைக் கண்டு அரக்கான் தேசத்திலிருந்து பிக்குகளை வரவழைத்த பக்தியுள்ள பௌத்தர். அவரே தன் கைதி உளவாளி அல்ல என்று கண்டபின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். அடிகளார் சிறையிருப்பில் சிங்களம் கற்றார். ஒரு குடிசைக் கோயிலை அமைத்தார். சிறைக்குள் இருந்த கத்தோலிக்கர் முதலில் வந்தார்கள், பிறகு வெளியிலிருந்தும் வந்தார்கள்.

1696 இல் கடும் வரட்சி வந்தது. மன்னர் மழைக்காகச் செபிக்கும்படி கேட்க, அடிகளார் வெளியிடத்தில் ஒரு பீடமும் சிலுவையும் வைத்து முழந்தாளிட்டார் என்றும், மழை கொட்டியபோது அவர் இருந்த இடம் மட்டும் நனையவில்லை என்றும் மரபு கூறுகிறது. நம்புவதும் விடுவதும் வாசகரின் விருப்பம். அதற்குப் பின் அவர் இராச்சியம் முழுதும் சென்று பணிசெய்ய அனுமதி பெற்றார்.

ஒரு கிறிஸ்தவ வல்லரசு துரத்திய கத்தோலிக்கக் குருவுக்கு ஒரு பௌத்த மன்னர் இடம் கொடுத்தார். அரசியல் மேடைகளில் இந்த வரியை எடுத்து நல்லிணக்கப் பாடம் நடத்துகிறவர்கள் உண்டு. மன்னரின் பெருந்தன்மையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அது ஒரு மன்னரின் மனதில் தங்கியிருந்த பாதுகாப்பு. சில பத்தாண்டுகளில் வேறு மன்னரின் காலத்தில் அது பறிபோனது. ஒருவருடைய நல்ல மனதை மட்டும் நம்பி மக்கள் வாழ முடியாது என்பதையும் அதே வரலாறுதான் சொல்கிறது.

அம்மை வந்த ஆண்டு

1697 இல் கண்டியைப் பெரியம்மை தாக்கியது. மன்னரும் பிரபுக்களும் நகரைவிட்டு வெளியேறினார்கள். நோயாளிகளைச் சொந்த உறவினரே காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அடிகளாரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்த அவருடைய உறவினரான யோசேவ் கார்வாலியோ அடிகளாரும் நகரில் தங்கினார்கள். கைவிடப்பட்டவர்களைத் தூக்கிவந்து கூரைக்குக் கீழ் கிடத்தினார்கள். புண்களைக் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள், இறந்தவர்களுக்குக் குழிவெட்டிப் புதைத்தார்கள். பௌத்தரா, கத்தோலிக்கரா என்று கேட்டுக்கொண்டு அவர்கள் வேலை செய்யவில்லை.

அவருடைய வாழ்க்கையில் மழைப் புதுமையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான். போரின் கடைசி மாதங்களில் மருந்து முடிந்த பின்னும் வைத்தியசாலைகளைவிட்டுப் போகாதவர்களை வன்னி மக்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே தங்கி நிற்பது என்ற சொல்லின் எடை எங்களுக்குத் தெரியும்.

பதவி வேண்டாம் என்றவர்

பிற்காலத்தில் கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தார்கள். 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி இரு மொழிகளின் கிறிஸ்தவ இலக்கியத்துக்கும் அடிகோலினார். வாஸ் அடிகளாரைக் கொச்சி ஆயர் இலங்கைக்கான தன் பிரதிநிதியாக்கினார். அவரை ஆயராக்கும் பேச்சு வந்தபோது மறுத்துவிட்டார். வெறுங்காலோடு மலைநாட்டிலும் கரையோரத்திலும் நடந்து கொண்டேயிருந்தார். ஒல்லாந்தர் பகுதிகளுக்குள்ளும் வேடமிட்டு நுழைந்து மீண்டார்.

உடல் தளர்ந்து கண்டியிலேயே படுத்தார். வாழ்நாளெல்லாம் செய்யாமல் விட்டதை மரண வேளையில் இலகுவாகச் செய்துவிட முடியாது என்ற கருத்தில் சகோதரக் குருக்களுக்கு இறுதி அறிவுரை சொன்னதாக வரலாறு. இறக்கும்போது வயது 59. கோவாவுக்கு அவர் திரும்பிப் போகவேயில்லை.

304 ஆண்டுகள்

அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் கொச்சி ஆயர் புனிதர் பட்டத்துக்கான விசாரணையைத் தொடங்கினார். செபாஸ்தியாவோ தோ ரேகோ அடிகளார் போர்த்துக்கேய மொழியில் எழுதிய வாழ்க்கை வரலாறு 1745 இல் லிஸ்பனில் வெளிவந்தது. பின்னர் எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மூலம். பிறகு முயற்சி தூங்கிப்போனது.

1995 ஜனவரி 21 ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான மோதல் தவிர்ப்பு தொடங்கி இரண்டு வாரமே ஆகியிருந்த நேரம் அது. ஏப்ரலில் அது முறிந்தது. ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே நடந்து வெளியேறியது. அடிகளார் ஒளிந்திருந்த அதே சில்லாலை மண்ணும் அந்த வலிகாமத்துக்குள்தான் இருக்கிறது.

2015 ஜனவரி 14 ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அதே காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது புதுமை இந்த முறை கேட்கப்படவில்லை. மத வேறுபாடு பாராமல் பணிசெய்ததைப் பாப்பரசர் தன் மறையுரையில் சிறப்பாக எடுத்துச் சொன்னார். அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து மக்கள் சுமந்து வந்ததாக மரபு கூறும் மடு மாதாவின் சுரூபம் அங்கே இருக்கிறது. 1999 நவம்பரில் அகதிகள் தங்கியிருந்த அதே வளாகத்தில் ஷெல் விழுந்து பலர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் மாதாவே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போக வேண்டி வந்தது. அந்த ஆண்டு ஓகஸ்டில்தான் சுரூபம் திரும்பியது.

எங்களுக்கு அவர் யார்?

இன்று ஜனவரி 16 ஆம் திகதி அவருடைய திருநாள். அவரைச் சித்திரிக்கும் படங்களில் ஒடுங்கிய முகமும், கையில் சிலுவையும், கழுத்தில் செபமாலையும் இருக்கும். பொற்கிரீடமோ ஆயரின் செங்கோலோ இருக்காது. அவரிடம் வேண்டுகிறவர்கள் பெரும்பாலும் நோய் தீரவும், பிள்ளை வரம் கிடைக்கவும், வெளிநாட்டுப் பயணம் சரிவரவும் வேண்டுகிறார்கள். அதில் தவறில்லை. மக்கள் தங்கள் தேவையைத்தான் புனிதரிடம் கொண்டுபோவார்கள்.

ஆனால் அவரிடம் கொண்டுபோக வேறொரு வேண்டுதலும் எங்களிடம் இருக்கிறது. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமல் போனார். 2009 மே மாதத்தில் முல்லைத்தீவில் படையினரிடம் சரணடைந்தவர்களோடு இருந்த பிரான்சிஸ் யோசப் அடிகளாரும் திரும்பி வரவில்லை. அவர்களோடு பெயர் வெளியில் தெரியாத எத்தனையோ பேர். 2017 முதல் தெருவோரக் கொட்டகைகளில் படங்களோடு உட்கார்ந்திருக்கும் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். வாஸ் அடிகளாரின் கல்லறை காலத்தில் அழிந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு நேர்ந்தது அப்படி அல்ல. அவர்களைக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள், பதில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கி ஆறுதல் சொல்வது அநியாயம்.

ஆகவே அவரை ஆறுதலுக்கான புனிதராக மட்டும் நான் பார்க்கவில்லை. அவர் ஆட்களைத் தேடிப் போனவர். முப்பது ஆண்டுகள் எவரும் எட்டிப் பார்க்காத மக்களை, எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல், வீடு வீடாகத் தட்டித் தேடியவர். தேடுவதற்கு அதிகாரமோ அனுமதிப் பத்திரமோ அவரிடம் இருக்கவில்லை. தேடலை நிறுத்தாத எங்கள் தாய்மாருக்கு, செபமாலையோடு படலையில் வந்து நின்ற அந்தப் பிச்சைக்காரர் புதியவர் அல்ல.